அவள் இலைமேல் என் கை

என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் ஹெர்னியா ஆபரேஷன் என்றேன். கூடப் பிறந்த அக்காவிடமும் ஹெர்னியாதான். ஆஸ்பத்திரிக்காரர்களை விட்டால் உண்மை தெரிந்தவர்கள் என் மனைவியும், வெளியூர் ஹாஸ்டலில் படிக்கும் மகளும் மட்டும். உடம்பைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவனை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். வாயைக் கட்டத் துப்பில்லாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று சொல்லும். ஆபீசில் வேறொருவர் செய்துகொண்டபோது கேண்டீனில் உட்கார்ந்து அப்படிச் சொன்னவனே நான்தான்.

நூற்று முப்பத்தொரு கிலோ இருந்தேன். இரும்புலியூரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் வண்டியை மெதுவாக்கி, பிறகு மனசு மாறி வேகமெடுப்பார். ஏற்றிக்கொண்டால், "சார், ரெண்டு ஆள் எடத்த அடைச்சிக்கினு கீறியே" என்பார். தாம்பரத்தில் கிளம்பும் ரயிலில் மூன்று பேர் சீட்டில் ஒரு ஓரமாகத்தான் உட்காருவேன். ஆனாலும் கிண்டி வரைக்கும் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே வருவார்கள்.

என் மனைவியும் கனமான உடம்புக்காரி. எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு வீட்டாரும், ஜாதகம் எதற்கு, எடை பார்த்தால் போதாதா என்று சிரித்தார்கள். நாங்களும் சிரித்து வைத்தோம். என்ன இப்போது, நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மட்டன் வாங்கி வருவோம். அவள் மசாலா அரைக்க, நான் வெங்காயம் உரிப்பேன். ஒரு மணிக்கு ஹாலில் தரையில் உட்கார்ந்து, பாத்திரங்களை நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று மணி வரை சாப்பிடுவோம். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அப்போதுதான் வரும். என் ஆபீஸ் மேனேஜரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவரைப் போலவே பேசிக் காட்டுவாள், எனக்குப் புரையேறும். எங்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால், அந்தச் சாப்பாடுதான் இருந்தது என்று சொல்வேன்.

சர்க்கரை ஏறியது. முட்டி தேய்ந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, ரெண்டு பேருமே செய்துகொள்ளலாம் என்றார். அவள்தான், "முதல்ல நீங்க பண்ணிக்குங்க. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு கஞ்சி வெச்சுத் தர்றது?" என்றாள்.

முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணீர்ச் சாப்பாடு. பருப்பை வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இருமல் மருந்து ஊற்றும் சின்ன மூடியில் அளந்து தருவாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு குழைத்த சாதம். தாம்பரம் மார்க்கெட்டில் குழந்தைக்குச் சோறூட்டும் சின்னக் கிண்ணமும் ஸ்பூனும் வாங்கி வந்தாள். ஒரு ஸ்பூன் அதிகமானால் நெஞ்சுக்குள் கல் மாட்டியதுபோல வலிக்கும். வாயில் நுரை பொங்கும். வாஷ்பேசினுக்கு ஓடுவேன். பின்னாலேயே துண்டோடு வருவாள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை இட்லியை இருபது நிமிடம் மெல்ல வேண்டும். நாலாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. தோல் தொங்கியது, பேன்ட் நிற்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் எனக்குச் சமைத்த கைக்கு அளவு குறையவில்லை. எனக்கு இட்லி இறங்கவில்லை என்றால் இடியாப்பம் பிழிவாள். அதுவும் சரிப்படவில்லை என்றால் முட்டையை அவித்து மசிப்பாள். ஏதாவது ஒன்று உள்ளே போகாதா என்ற பயம் அவளுக்கு. நான் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளுவேன். மிச்சமெல்லாம் அவள் தட்டுக்குப் போகும். "கொட்டவா முடியும்?" என்பாள். ஒன்றரை வருடத்தில் நான் எண்பது கிலோவுக்கு வந்தேன். அவளுக்குப் பதினொரு கிலோ ஏறியது. நான் விட்ட சோறு வேறெங்கே போகும்? இந்தக் கணக்கு எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

ஏனென்றால் அப்போது நான் வேறொரு போதையில் இருந்தேன். ரயிலில் என் சீட்டில் நாலாவது ஆள், "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று ஒண்டிக்கொண்டான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர், "இன்னா சார், பாதி ஆளா பூட்ட! இன்னா பண்ண, சொல்லேன்" என்றார். "வாக்கிங். அப்புறம் வாயைக் கட்டணும், அவ்வளவுதான்" என்றேன். ஆபீசில் தொப்பை வைத்தவர்களைக் கூப்பிட்டு வைத்து வகுப்பெடுத்தேன். மனக்கட்டுப்பாடு என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். கத்தி வைத்தது டாக்டர், மார்தட்டிக்கொண்டது நான்.

சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். அதுதான் கேவலம். வீட்டில் அவள் தட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். "இன்னொரு தோசையா?" என்பேன். "சாயங்காலம் பஜ்ஜி தேவையா?" என்பேன். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேர் என்னிடம் சொல்லி, நான் கூனிக் குறுகிப்போன அதே பேச்சு. "பசிக்குதுங்க" என்பாள். எனக்கோ ஆபரேஷனுக்குப் பிறகு பசியே இல்லை, மணி பார்த்துத்தான் சாப்பிட்டேன். பசி மறந்தவன் பசித்தவளுக்குப் புத்தி சொன்னேன். செக்கப்புக்குப் போனபோது டாக்டர், "அம்மாவுக்கு எப்போ?" என்று கேட்டார். "பாக்கலாம் சார்" என்றேன். அவள் படுத்தால் கஞ்சி வைக்க வேண்டியவன் நான். அந்தச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

சொந்தக்காரர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. "உன் வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுப்பாடா இருக்கார், நீயும் கொஞ்சம் பாத்து சாப்பிடக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டார்கள். என் காதுபடவே கேட்டார்கள். நான் இளைத்தது ஆபரேஷனால் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வாய் அடைத்துவிடும். அவள் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அதனால் சொல்லவில்லை. "ஆமாங்க, எனக்குத்தான் வாய் அடங்க மாட்டேங்குது" என்று சிரிப்பாள்.

அக்கா மகன் கல்யாணம் கீழ்க்கட்டளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்கு மாமி என்பதால் என் மனைவி விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். வரிசைத் தட்டு எடுத்து வைத்தாள், வந்தவர்களை உட்கார வைத்தாள், தொலைந்துபோன மெட்டியைத் தேடிக் கொடுத்தாள். காலையில் ஒரு காபி குடித்ததோடு சரி. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தோம். எனக்கு வலப்பக்கம் அவள். அவளுக்கு அந்தப் பக்கம் அக்கா.

என் இலையில் வைத்ததெல்லாம் வைத்தபடி இருந்தது. ஒரு துண்டு வாழைக்காயைக் கடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு இலையைச் சுத்தமாக வழித்து வைத்திருந்தாள். ரசத்துக்குச் சாதம் போடப் பரிமாறுகிறவர் வாளியோடு வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா என் இலையையும் அவள் இலையையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் பார்த்தேன். உடனே என் கை நீண்டது.

பந்தியில் போதும் என்று சொல்ல அவரவர் இலைமேல் கையை நீட்டி மறைப்பது வழக்கம். நான் அவள் இலைமேல் நீட்டினேன். "அவங்களுக்கு வேணாம்பா, போதும்" என்றேன்.

அவர் அதற்குள் கரண்டியைச் சாய்த்துவிட்டார். சூடான சாதம் என் புறங்கையில் விழுந்து, அங்கிருந்து சரிந்து அவள் இலையில் கொட்டியது. சுட்டது. ஆனாலும் கையை உடனே எடுக்கவில்லை. அக்கா சத்தமாகச் சிரித்து, "பாத்தியா, என் தம்பியே தடா போட்டுட்டான். அவனைப் பாத்துக் கத்துக்கோ" என்றாள். எதிர்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிங்க அண்ணி" என்றாள் என் மனைவி.

அவள் எழுந்து போகவில்லை. பந்தி முடியும் முன்னால் எழுந்தால் கல்யாண வீட்டை அவமதித்த மாதிரி ஆகும். ரசம் வந்தது, பாயசம் வந்தது, மோர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளே தன் இலைமேல் கையை நீட்டி வேண்டாம் என்றாள். என் கையிலிருந்து விழுந்த சாதத்தைத் தொடவில்லை. எல்லோரும் எழுந்தபோது இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறவே முடியாது. பல்லாவரம் தாண்டியதும் சிக்னலில், "கோவமா?" என்று கேட்டேன். "இல்லங்க" என்றாள். உண்மையிலேயே கோபம் இல்லை. கோபம் என்றால் நாலு நாளில் தீர்ந்திருக்கும்.

மறுநாளிலிருந்து என் எதிரில் அவள் சாப்பிடுவதில்லை. சண்டை கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் கிடையாது. என் கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள், கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவாள், மகள் போன் செய்ததைச் சொல்லுவாள். சாப்பிடச் சொன்னால், "நீங்க முடிங்க, நான் அப்புறம் பாத்துக்கிறேன்" என்பாள். நான் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகோ, குளிக்கப் போயிருக்கும்போதோ அவள் சாப்பாடு முடிந்திருக்கும். தட்டுகூடக் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒரு முறை மறந்துபோன பர்ஸை எடுக்கத் திரும்பி வந்தேன். அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுத் தட்டை மூடினாள். திருடியவள்போல நின்றாள். என் வீட்டில், அவள் சமைத்த சோற்றுக்கு.

ஏழு மாதம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்குப் போன் செய்து, ஹெர்னியா இல்லை, இரைப்பையைத்தான் வெட்டினார்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா, "அதானே பாத்தேன். உனக்காவது, கட்டுப்பாடாவது" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப அவளுக்கும் பண்ணி விட்டுரு" என்று சேர்த்துக்கொண்டாள். என் மனைவிக்காக ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்த நான் ஒரு மடையன்.

அன்று நானே மார்க்கெட்டுக்குப் போய் மட்டன் வாங்கி வந்தேன். ஒன்றும் கேட்காமல் சமைத்தாள். ஹாலில் தரையில் இரண்டு தட்டு வைத்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். டாக்டரிடம் உனக்கும் நாள் கேட்கிறேன், லீவு போட்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். என் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். தன் தட்டிலும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டாள். பிசைந்தாள். ஒரு வாய் எடுத்தவள் அப்படியே கையை இறக்கி, தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"சாப்பிடு" என்றேன்.

"நானும் சாப்பிடணும்னுதாங்க உக்காந்தேன்" என்றாள். "நீங்க பாக்கறப்ப எனக்கு எறங்க மாட்டேங்குது."