அட்டைகளின் கட்சி

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் வழியில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். வேட்டியெல்லாம் ரத்தம். அடிவாரத்திலேயே சுமைக்காரர் மாயாண்டி புகையிலைச் சாறு பூசச் சொன்னார். அந்த நாற்றம் எனக்கு ஆகாது. இடது காலில் ரோஜா அத்தரும் வலது காலில் ஜவ்வாதும் பூசிக்கொண்டேன். ரோஜா வெறும் கல்யாண வீட்டுக் கூச்சல், ஜவ்வாதுதான் பெரிய மனிதர்களுக்கு ஏற்றது என்பது என் கட்சி. அட்டைகளோ ரோஜாவின் கட்சி.

"எந்தக் கால்ல சாமி அட்டை கூட?" என்று மாயாண்டி கேட்கிறார்.

"ரோஜா பூசின கால்லதான்."

"அப்ப அதுல ஒரு சொட்டு குடுங்க, பஞ்சுல நனைச்சுக் காதுல வச்சுக்கிறேன். எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு மேல தோட்டத்துல இருக்கா. அட்டையே இந்த ஒட்டு ஒட்டுனா, அவ ஒட்ட மாட்டாளா?"