"எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்ட அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் "எல்லோரையும் நம்பி, எல்லோருடைய நம்பிக்கையையும் பெற்று வாழ்ந்தவர்" என்று ஒரு வரியை அச்சகத்தில் அவர்களாகவே சேர்த்திருந்தார்கள். தங்கை நான் எடுத்துவிடச் சொன்னேன். அக்கா யாரையும் எளிதில் நம்பியவர் அல்லர். அவரை நம்பாதவர்களும் நம் குடும்பத்தில் இருந்தார்கள். இந்த இரண்டையும் மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், கடலையும் முந்திரியும் விளையும் சிற்றூரில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவர் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது எங்கள் கடலைக் கொல்லை முழுவதும் குருத்துக் கருகி நின்றது. அப்பாவுக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் மீது சந்தேகம். அவர் எதையோ தூவிவிட்டார் என்றார். அம்மா கண் பட்டுவிட்டது என்றார். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இது வைரஸுங்க. கண்ணுக்குத் தெரியாது. இலைப்பேன் பரப்பிவிடுது" என்றார்.

அருகில் நின்ற அக்கா, "கண்ணுக்குத் தெரியாதுங்குறீங்க. அப்புறம் எதை வச்சுச் சொல்றீங்க சார்?" என்று கேட்டார்.

அப்பா அதட்டினார். வந்தவர் சிரித்துக்கொண்டே, "நீ படிச்சு வந்து எனக்குச் சொல்லும்மா" என்று போய்விட்டார். வைரஸ்தான் என்று தெரிந்த பிறகும் அப்பா பக்கத்துக் கொல்லைக்காரரோடு கடைசிவரை பேசவில்லை. ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டால் விடாத வீடு எங்களுடையது. அக்காவுக்கும் அது இருந்தது. ஆனால் அவர் தன் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பொய் என்றால் விட்டுவிடுவார். அந்த ஒரு வேறுபாடுதான் அவரை விஞ்ஞானியாக்கியது என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு திருச்சியில் மேற்படிப்பு. வயதுப் பெண்ணை வெளிமாநிலத்துக்கு ஆராய்ச்சிக்கு அனுப்புவதா என்று உறவில் பலர் அப்பாவைக் கேட்டார்கள். அங்கே யாரையோ பார்த்து வைத்திருக்கிறாள், படிப்பு ஒரு சாக்கு என்றும் பேச்சு எழுந்தது. அக்கா திருமணமே செய்துகொள்ளவில்லை. அப்போதும் அந்தப் பேச்சு நிற்கவில்லை, வேறு விதமாக மாறியது.

அவர் சேர்ந்த துறை மரபணு மாற்றுச் சிகிச்சை. உடம்பில் ஒரு மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு, நல்ல மரபணுவை வைரஸின் கூட்டுக்குள் வைத்து அனுப்புவது. எங்கள் சித்தியின் மகன் ஹீமோபிலியாவோடு பிறந்தவன். அடிபட்டால் இரத்தம் உறையாது. முழங்கால் வீங்கிவிட்டால் கீரனூரிலிருந்து பஸ் பிடித்துத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அந்தத் தம்பியை மனத்தில் வைத்துத்தான் அக்கா இந்தத் துறைக்குப் போனார்.

ஒருமுறை விடுமுறையில் வந்தபோது அம்மாவுக்கு விளக்கினார். "வைரஸ் திருடன் மாதிரிம்மா. எந்தப் பூட்டையும் தொறந்துட்டு உள்ள போயிரும். அதோட கையில இருக்கிற கத்தியைப் பிடுங்கிக்கிட்டு மருந்தைக் கொடுத்து அனுப்புறோம்."

"திருடனை நம்பியா அனுப்புவே?"

"நம்ப மாட்டேன். அதுக்குத்தான் சம்பளம் தராங்க."

சில ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பெரிய வெற்றி வந்தது. இரத்தம் உறையாத எலிகளுக்கு இந்த வைரஸ் வழியே மரபணுவைச் செலுத்தியதும் காயத்தில் இரத்தம் சீக்கிரம் நின்றது. கட்டுரை வெளியானது. பத்திரிகைகளில் படம் வந்தது. ஊரில் சுவரொட்டி கூட ஒட்டினார்கள். அக்காவுக்கு மட்டும் உறக்கம் கெட்டது. இரத்தம் நின்ற நேரத்தைப் பார்த்துக் குறித்தவர் அவர்தான். எந்த எலிக்கு மருந்து போட்டது, எதற்குப் போடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"நிக்கணும்னு ஆசைப்பட்டுத்தானே பார்த்தேன்? என் கண்ணையே என்னால நம்ப முடியல" என்று தொலைபேசியில் சொன்னார். வேறொருவரைக் கொண்டு கூண்டுகளை மாற்றி வைக்கச் செய்து, எது எதுவென்று தெரியாமலே மறுபடி முழுவதையும் செய்தார். பலன் இருந்தது, ஆனால் முன்பு கண்டதில் சிறு பகுதிதான். இரத்தம் வடிவது மெதுவானது, நிற்கவில்லை.

தலைமையில் இருந்தவர், வெளிவந்தது வெளிவந்ததுதான், கிளறாதே என்றாராம். அக்கா கிளறினார். திருத்தம் வெளியானது. அதன் பிறகு அவருக்கு மாணவர்கள் ஒதுக்கப்படவில்லை, கருவிகளுக்கு முறை கிடைக்கவில்லை, கூட்டங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஓய்வு வயதுக்கு வெகு முன்னரே ஊருக்கு வந்துவிட்டார்.

"ஒன்னைப் போகச் சொன்னாங்களா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போகச் சொல்லல. இருக்கச் சொல்லவும் இல்ல" என்றார். அதற்கு மேல் அவர் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அவருடைய இறுதிச் சடங்குக்கு அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து பதவிப் பெயர் மட்டும் எழுதிய ஒரு பெரிய மலர்வளையம் வந்தது. அதை எந்த மனத்தோடு அனுப்பினார்கள் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விட்டு வந்த காரணத்தை உறவினர்கள் தங்களுக்குத் தோன்றியபடி முடிவு செய்துகொண்டார்கள். கொரோனா காலத்தில் இன்னும் மோசம். வைரஸ் ஆராய்ச்சி செய்தவர் என்பதால் பால்காரர் வாசலுக்கு வெளியிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். தெருவில் ஓர் அம்மா, "இதையெல்லாம் நீங்கதான் வளத்தீங்களாமே?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அக்கா கோபப்படவில்லை. "நான் வளத்தது இது இல்லைங்க, வேற" என்றார். அது இன்னும் பெரிய வதந்தியானது.

அதற்குச் சில காலம் கழித்துத்தான் ஒரு மனிதர் கீரனூரில் சித்தி வீட்டுக்கு வந்தார். வெளிமாநிலத்தில் உள்ள ஒரு தனியார் சிகிச்சை மையத்தின் ஆள். ஒரே ஊசியில் ஹீமோபிலியா தீரும். ஆதாரம் வேண்டுமா, இதோ என்று கையில் வைத்திருந்த டேப்லெட்டில் ஒரு கட்டுரையைக் காட்டினார். அக்காவின் பழைய கட்டுரை! சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிலத்தை விற்கவும் பேசிவிட்டார்கள். தம்பிக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. செல்போன் கடை வைத்திருந்தான். ஒரு கால் நீட்ட முடியாமல் போயிருந்தது.

அக்காவோடு நானும் போனேன். அந்த மனிதர் எழுந்து நின்று, "மேடம், உங்க பேரே இதுல இருக்கே" என்று வணங்கினார்.

"இதுக்கு அப்புறம் வந்த திருத்தத்துலயும் இருக்கு. அதைக் காட்டலியா?"

அவர் சிரித்தார். அக்கா கேட்டுக்கொண்டே போனார். எந்த வைரஸில் வைத்துக் கொடுக்கிறீர்கள்? அது கம்பெனி ரகசியம். மருந்து எங்கே தயாராகிறது? ஜெர்மனியில். சிறிது நேரம் வேறு எதையோ பேசிவிட்டு மறுபடி அதையே கேட்டார். இப்போது சிங்கப்பூர் என்று பதில் வந்தது.

"இவன் இரத்தத்துல அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கான்னு பார்த்தீங்களா?"

"அதெல்லாம் அங்க வந்ததும் பார்ப்பாங்க மேடம்."

அவர் போன பிறகு சித்தி வெடித்தார். "கண்டுபிடிச்சதும் நீதான், வேணாங்குறதும் நீதானா? ஒனக்குன்னு ஒரு புள்ளை இருந்தா இப்படிப் பேசுவியா?"

அக்கா குனிந்தபடி சொன்னார். "இவனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன் சித்தி? அதான் கேக்குறேன்."

தம்பி அக்காவைப் பார்க்கவே இல்லை. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். சில நாள் கழித்து அக்கா அவன் கடைக்கே போய் நின்றார். "கொஞ்சம் இரத்தம் மட்டும் கொடுடா. எதிர்ப்பு இல்லேன்னு வந்தா, முறையா ஆராய்ச்சி நடக்குற எடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." உடம்பு இந்தச் சிகிச்சைக்கு வழக்கமாகப் பயன்படும் வைரஸை முன்பே பார்த்திருந்தால், மறுபடி வரும்போது மருந்தோடு சேர்த்து அழித்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கினார். அவன் கொடுத்தான். அக்கா தனக்குத் தெரிந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். எதிர்ப்பு மிக அதிகம் என்று முடிவு வந்தது.

தம்பி அதைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்லிப் பண்ணுன டெஸ்ட்டு. நீங்க நெனச்ச மாதிரிதானேக்கா வரும்?" என்றான்.

நான் அவனை அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது! "சரியாக் கேட்டேடா. வேற எடத்துல நீயே கொடு. நான் யாருன்னு சொல்லாதே. எந்த எடம்னு எங்கிட்டயும் சொல்லாதே."

அவன் அப்படியே செய்தான். அதே முடிவு வந்தது. அன்று மாலை அவனே பஸ் ஏறித் திருவரங்குளம் வந்து, அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அந்த மனிதரிடம் எதிர்ப்புப் பரிசோதனை பற்றித் தம்பி கேட்டபின் அவர் போனை எடுக்கவில்லை. அந்த மையம் இப்போது வேறு பெயரில் இயங்குவதாகச் சொல்கிறார்கள். இதைப் படிக்கும் உறவினர்கள் யாரும் ஒரே ஊசி என்ற பேச்சைக் கேட்டால் தயவுசெய்து நாலு பேரிடம் விசாரியுங்கள்.

அத்தோடு அக்கா விடவில்லை. மரபணு வேண்டாம், வைரஸ் வேண்டாம், தோலுக்கடியில் போடும் புதிய ஊசி ஒன்று வந்திருக்கிறது என்று அறிந்து, திருச்சி மருத்துவமனையில் தம்பிக்காக நடையாய் நடந்தார். அது கிடைத்தது. தம்பியின் மூட்டு வீக்கங்கள் நின்றன. தான் வாழ்நாளெல்லாம் உழைத்த வழி அவனுக்கு உதவாமல், வேறு யாரோ கண்ட வழி உதவியதில் அக்காவுக்கு வருத்தம் உண்டா என்று கவனித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை.

பிறகு அவருக்கே கருப்பையில் புற்றுநோய் வந்தது. மருத்துவர் ஆறுதலாக, மருந்து நன்றாகக் கேட்கிறது என்றார். அக்கா ஸ்கேனைக் காட்டச் சொன்னார். அதில் அப்படித் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த மருத்துவர் அவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசி வாரங்களில் வலி இருந்தது, ஏமாற்றம் இருக்கவில்லை. வீட்டில், எங்கள் நடுவில், காலை வேளையில் அக்காவின் மூச்சு அடங்கியது.

உண்மையைச் சொன்ன அந்த மருத்துவருக்கும், புண் ஆற்றிய செவிலியர்களுக்கும், இரவு பகலாக உடனிருந்த சித்திக்கும், சோறு ஆக்கிக் கொண்டுவந்த தெருவாருக்கும், பால்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசியாகத் தம்பிக்கு.

பாடையைத் தூக்கும்போது அவன் முன்னே வந்தான். "ஒனக்கு ஆகாதுப்பா, தோள்ல ரத்தம் கட்டிக்கிரும், அங்கிட்டு நில்லு" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. சுடுகாடு வரை தோள் மாற்றாமல் சுமந்தான். கொள்ளியும் அவன்தான் வைத்தான். மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினான். "பாருங்கக்கா. வீங்கவே இல்ல."

தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன். எனக்குப் போதவில்லை.

"அந்தத் தோளையும் காட்டு."

"அதுல தூக்கலியேக்கா. அது எதுக்கு?"

"தூக்காத தோள் எப்படி இருக்குன்னு பார்த்தாத்தானேடா இதைச் சொல்ல முடியும்?"

அவன் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு திரும்பி நின்று மற்றத் தோளைக் காட்டினான்.