மச்சானின் மெமரி கார்டு

என் கடை மேசையின் இழுப்பறையில், தைலம் தீர்ந்த சின்னத் தகர டப்பா ஒன்றுக்குள், விரல் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு கிடக்கிறது. அதில் பதினொரு சினிமாப் படங்கள் உண்டு. எல்லாம் திருட்டுப் படங்கள். ஏற்றியவன் நான். கேட்டவர் என் அக்காவின் கணவர், எனக்கு மச்சான். அவற்றில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

எங்களுக்கு ஊர் இனயம். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, கெடுத்துக் கெடுத்துப் படித்த வேலை. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதம், அதற்கு மேலும் கரை காண மாட்டார்கள். ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றுவது போலவே, புறப்படும் முன் என்னிடம் வந்து கார்டில் படம் ஏற்றிக்கொண்டு போவார்கள். யாரோ உழைத்து எடுத்த படம் என்று ஒரு நாளும் எனக்கு உறுத்தியதில்லை. இணையத்தில் கிடப்பது மழைத்தண்ணீர் மாதிரி, பாத்திரம் வைத்தவனுக்கு உண்டு என்று வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்குப் படம் போதாது. தூண்டில் கயிற்றை இறக்கிவிட்டால் மணிக்கணக்கில் காத்திருப்புதான். "கடல்ல சும்மா இருக்கதுதான் மக்கா பெரிய வேல. மத்ததெல்லாம் கை தன்னால செய்யும்" என்பார். அந்தச் சும்மா இருக்கும் பொழுதில் வயர்லெஸ் செட்டை எடுத்துக் கதை சொல்லுவார். சுற்றுவட்டத்தில் கிடக்கிற படகுகளெல்லாம் காது கொடுக்கும். சுறா ஒன்று ரேஷன் கார்டு வாங்கப் போன கதைதான் அதில் பேர் போனது. அலுவலகத்தில் விலாசத்துக்குச் சான்று கேட்பார்கள். "கடல் வெள்ளத்துக்கு ஏது சாரே வாசல் நம்பரு?" என்னும் சுறா. கடைசியில், "நீ உயிரோட இருக்கதுக்கு ஒரு பேப்பரு கொண்டா" என்பார்கள். சுறா வாயைத் திறந்து காட்டும். அந்த இடத்தில் ஏழெட்டுப் படகுகளின் சிரிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

கதை முடிந்ததும் மச்சான் குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, கேக்கியா? சோறு தின்னியா?" என்று அக்காவைக் கேட்பார். கரைக்கு அந்தச் செட் எட்டாது என்று அவருக்குத் தெரியும். "லேய், அவ கேக்க மாட்டா. நாங்க தின்னாச்சு, நீ போய்ப் படு" என்று எவனாவது கத்துவான்.

அவர் போனில் பதிந்து கொண்டுவந்ததையெல்லாம் அவர் பேரிலேயே ஒரு பக்கம் திறந்து இணையத்தில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்தில் டிக் அடித்ததும் நான்தான். "வழியில போறவன் எடுத்துட்டுப் போனா என்ன செய்வ?" என்றாள் அக்கா. "எடுக்கட்டும் அக்கா. எடுத்தா குறையவா செய்யும்?" என்றேன்.

கடைசியாகப் புறப்படும்போது மச்சான் இரண்டு கார்டு தந்தார். இரண்டிலும் அவர் கதைகள் நிறைந்திருந்தன. படத்துக்கு இடமில்லை என்றேன். "அழிச்சிரு மக்கா. அதான் இணையத்துல கெடக்குல்லா" என்றார். அழித்தேன். ஒன்றைக் கொண்டுபோனார். மற்றது ஏறி முடியுமுன் வண்டி வந்துவிட்டது. "இருக்கட்டு, அடுத்த போக்குக்கு வந்து எடுத்துக்கிடுதேன்" என்று இறங்கிப் போனார்.

அவர் கடலில் இருக்கும்போது புயல்காற்று அடித்தது. அந்த வாரத்துக்குப் பிறகு அவர் படகைக் கண்டவர் இல்லை. பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அக்கா கறுப்பு உடுத்தவில்லை, இறந்தவருக்கான பூசை வைக்கவும் விடவில்லை. அவளுக்குப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கதை முடிந்ததும் அவர் அவளைக் கேட்கும் அந்த ரெண்டு வரியை மட்டும் கேட்கப் பழக்கிக் கொடுத்திருந்தேன். உலை வைத்ததும் கேட்பாள்.

சில மாதங்களில் பக்கம் திறக்கவில்லை. ஏதோ ஒரு நிறுவனம் சுறாக் கதையை எடுத்து, பொம்மைப் படமும் தாளமும் சேர்த்து, தன் உடைமை என்று பதிந்துகொண்டது. அதன்பின் அந்த இணையதளத்தின் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது, எங்களுடையதைத் திருட்டு என்று பூட்டிவிட்டது. நிறுவனத்தின் பக்கத்தில் மச்சான் குரல் இன்றும் ஓடுகிறது. லட்சம் பேர் சிரிக்கிறார்கள். சுறா வாயைத் திறந்ததும் கதை முடிந்துவிடும். பின்னால் உள்ளதை அறுத்துவிட்டார்கள்.

அழித்த கதைகள் மீளுமா என்று, அவர் விட்டுப்போன கார்டைத் தோண்டிப் பார்த்தேன். அழித்த இடத்தின்மேல் சினிமா உட்கார்ந்துவிட்டது. மற்ற படகுகளில் விசாரித்தேன். நாளைக்கும் பேசுவாரே என்று ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. எழுதி எழுதிக் கேட்டதில், பூட்டியவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். குரலுக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் மனைவி போடலாம், இறப்புச் சான்றோடு.

அக்கா கடைக்கு வந்தாள். படிவத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"அவரு செத்துப் போனாருன்னு நான் எழுதிக் குடுத்தா, அவருக்க சத்தத்தத் தருவானுவளா?"

"ஆமா அக்கா."

"செத்தவருக்க சத்தத்த வச்சு நான் என்னல செய்ய? சோறு தின்னியான்னு கேட்டா யாருட்ட சொல்ல?"

படிவத்தை மடித்து என் பக்கமே தள்ளினாள். கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கிளம்பும்போது இழுப்பறையில் இருந்த தகர டப்பாவைப் பார்த்துவிட்டாள். அவர் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கார்டு அது என்றேன். நகத்தில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள், உள்ளே ஆள் தெரிகிற மாதிரி.

"கேட்ட படமெல்லாம் இதுல உண்டா?"

"உண்டு."

"பின்ன இதையாவது அழிச்சிராத."

இப்போது வருகிற போன்களில் பாதிக்கு இந்தக் கார்டைச் செருகும் வாயே இல்லை. படம் ஏற்ற இங்கே யாரும் வருவதுமில்லை. மழைத்தண்ணீர்ப் பேச்சை நான் விட்டு நாளாயிற்று. டப்பா மட்டும் இழுப்பறையில் இருக்கிறது. உள்ளே பதினொரு படங்கள், அவற்றின் அடியில் எங்கேயோ ஒரு கேள்வி. அழித்தவன் நான்.