டோனருக்கு முறை பார்த்த கதை

ஜாதகம் கிடையாது, போட்டோ கிடையாது, பேரைக்கூடச் சொல்லக் கூடாது. ஆனாலும் ஆளைப் பிடிக்க வைக்க வேண்டும் என்பதுதான் டோனர் பார்த்துக் கொடுக்கும் தொழிலின் லட்சணம்.

வில்லியனூரில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் நான் கவுன்சலர். கணவருக்கு விந்தணுவே இல்லை என்று உறுதியான பிறகு, டோனர், அதாவது முகம் தெரியாத வேறொருவரின் விந்தணுவை வைத்துச் சிகிச்சை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிடுவார். அதற்குப் பிறகு வருகிற அழுகை, கோபம், சந்தேகம், மாமியார் எல்லாம் என் அறைக்கு வந்து சேரும். கல்யாணத் தரகர்கள், மனை விற்றுக் கொடுப்பவர்கள், ஜவுளிக்கடையில் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போடுபவர்கள் எல்லோரும் என் கட்சி. அடுத்தவரை ஒரு முடிவுக்கு வர வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்றவில்லை. கிருமாம்பாக்கம் பெரிய ஊர், தேடிக்கொண்டு போகாதீர்கள்.

கத்தரிக்காய் நியாயம்

ஞானவேலும் மாலதியும் கிருமாம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. ஊரில் எல்லோரும் மாலதியைத்தான் கோயில் கோயிலாகச் சுற்றச் சொன்னார்கள். குறை ஞானவேலிடம் என்று தெரிந்து, அதற்கு ஒரு ஆபரேஷனும் செய்து பார்த்து, அதுவும் பலிக்காமல்தான் என்னிடம் வந்தார்கள். மாலதி பேசினாள். ஞானவேல் என் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விந்தணு வங்கி சில டோனர்களின் விவரத்தை அனுப்பும், நீங்கள் இருவரும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். உயரம், நிறம், ரத்த வகை, படிப்பு, வேலை இதெல்லாம் சொல்வோம். எந்த நோயும் இல்லை என்று பரிசோதித்திருப்பார்கள். பேரும் முகமும் எனக்கே தெரியாது. மாலதி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"இன்னா மேடம் இது, கத்தரிக்கா வாங்குனாகூட திருப்பிப் பாத்துதான வாங்குறோம்?"

ஒரு கவர்மெண்ட் வேலைக்காரர் வேண்டும்

இவர்களுக்கு நடுவில் பாகூர் பக்கத்திலிருந்து இன்னொரு தம்பதி வந்தார்கள். அந்தக் கணவர் நல்ல தெளிவான மனிதர். என் குறைதான், மறைக்க ஒன்றுமில்லை, ஆகிற வேலையைப் பார்ப்போம் என்றார். இப்படி ஒருவர் வந்தால் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு ருசிக்கும். விவரங்களைப் படித்துக்கொண்டே வந்தவர், வேலை என்ற இடத்தில் நின்றுவிட்டார். எல்லோரும் பிரைவேட் கம்பெனியாக இருக்கிறார்களே, கவர்மெண்ட் வேலையில் ஒருவரும் இல்லையா என்று கேட்டார்.

வேலையெல்லாம் விந்தணுவில் வராது சார் என்றேன். நம் ஊரில் கவர்மெண்ட் வேலைக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சயன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஜாதகத்துலயே வருதுன்றாங்க, இதுல வராதா மேடம்?"

கொழுந்தன் வந்த நாள்

மறுவாரம் ஞானவேலின் அம்மா நேரில் வந்துவிட்டார். விஷயம் அவருக்குத் தெரியும், அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். வெளியே நாற்காலியில் சின்ன மகன் கதிரை உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஊர் பேர் தெரியாதவன் எதற்கு, என் சின்னவனே இருக்கிறான், வீட்டு வாரிசு வீட்டோடு போகும் என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாவின் கணக்கில் தப்பில்லை. ஆனால் தெரிந்தவர், சொந்தக்காரர் யாரும் டோனராக இருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. நாளைக்கு அண்ணனும் தம்பியும் வாய்க்கால் தகராறில் முறைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டேன். அந்த அம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். வாய்க்கால் தகராறு அவர் பார்க்காததா?

வெளியே வந்தேன். கதிர் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அதன் இடது கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தீர்கள் தெரியுமா என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு ரத்தம் குடுக்கணும்னு கூட்டினு வந்தாங்க மேடம். டெஸ்ட் எடுப்பீங்களோன்னு டிபன்கூட துன்னல."

வசனம் கேட்ட குற்றம்

கதிரை டிபன் சாப்பிட அனுப்பிவிட்டேன். எனக்குக் கவலை கதிரைப் பற்றியல்ல, அவருடைய அண்ணனைப் பற்றி. இந்தத் தொழிலில் எனக்குச் சத்தம் போடுகிற கணவர்களைக் கண்டு பயமில்லை. மேஜையைத் தட்டுவார்கள், வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பார்கள். வாயே திறக்காதவர்தான் பயம். ஞானவேல் இத்தனை தடவை வந்ததில் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பது. அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இந்தச் சிகிச்சையை ஆரம்பித்து, பிறந்த குழந்தையை அவர் ஒரு நாள் 'உன் பிள்ளை' என்று மாலதியிடம் சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தையை எந்த ஊசி போட்டும் ஆற்ற முடியாது.

அதனால், அவர் வாயால் ஒரு வார்த்தை வராமல் இந்தக் கேஸை அனுப்ப மாட்டேன் என்று டாக்டரிடம் போய் நின்றேன். எங்கள் டாக்டர் நல்லவர், அவசரக்காரர். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சட்டம் கேக்கறது கையெழுத்து மேடம். நீங்க வசனம் கேக்கறீங்க."

எங்கள் ஃபார்மில் இல்லாத கேள்வி

இதற்கிடையில் மாலதி ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஆறடி உயரம், இன்ஜினியர், ரத்த வகையும் பொருந்தி வந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த வீடு போல முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, வேண்டாம் மேடம், நிறுத்திவிடுங்கள் என்று அழுதாள். என்ன ஆயிற்று என்று கேட்டால், விஷயம் இதுதான். அவள் பிறந்த ஊர் செல்லிப்பட்டு. ஆற்றோரமாக இருக்கிற பல ஊர்களில் அவளுக்குப் பங்காளிகள். ஒரே குலதெய்வம் கும்பிடுகிறவர்கள், அத்தனை ஆண்களும் அவளுக்கு அண்ணன் தம்பி முறை. டோனர் அவர்களில் ஒருவராக இருந்துவிட்டால்? அண்ணன் முறை ஆளின் பிள்ளையை எப்படிச் சுமப்பது என்பதுதான் அவள் பயம்.

நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. முறை தப்பினால் வீட்டுப் படியேற்றாத ஊரில் வளர்ந்த பெண் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பாள்? வங்கிக்குப் போன் போட்டு, பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், குலதெய்வம் மட்டும் தெரியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் பேசிய பையன் ஃபார்மைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மேடம், நாங்க எச்.ஐ.வி. சொல்லுவோம், சுகர் சொல்லுவோம். அண்ணன் தங்கச்சி முறையெல்லாம் எங்க ஃபார்ம்ல இல்ல."

ஃபேனை விட்டு இறங்கிய கண்

இருவரையும் வரச் சொன்னேன். டோனர் எந்த வகையறா என்று கேட்க முடியாது, சொல்லவும் மாட்டார்கள், இதை ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை, தத்து எடுக்கவும் வழி இருக்கிறது என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். மாலதி குனிந்த தலை நிமிராமல் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஞானவேல் ஃபேனைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்காலியை மாலதி பக்கம் திருப்பிப் போட்டார். என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. பொண்டாட்டியிடம்தான் பேசினார்.

"மொறைன்றது ஒருத்தர ஒருத்தர் கூப்புடறதுக்குத்தான மாலதி? காது குத்துறப்ப மடியில வெச்சிக்கப் போறவன் உன் தம்பி, அவன் மாமன். தோள்ல தூக்கினு போறவன் நானு, நான் அப்பன். அந்தாள நாம கூப்புடப் போறதே இல்ல, அவனுக்கு இன்னாத்துக்கு மொறை?"

வாசக்கால் அளவு

டாக்டரிடம் போய், வசனம் வந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் ஞானவேல் மேஜை மேல் இருந்த விவரங்களையெல்லாம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பேசாததற்கும் சேர்த்துப் பேசினார். மாலதி தேர்ந்தெடுத்த ஆறடி இன்ஜினியரை ஓரமாகத் தள்ளினார். தன்னைப் போலவே மாநிறம், தன் உயரமே இருக்கிற ஒருவரை எடுத்து வைத்தார். நல்ல உயரத்தை வேண்டாம் என்கிறீர்களே என்று நான் சீண்டிப் பார்த்தேன். மாலதிக்கும் அந்த ஆறடி மேல் கொஞ்சம் ஆசை பாக்கி இருந்தது. ஞானவேல் மசியவில்லை.

"எங்க வூட்டு வாசக்கால்ல எங்கப்பா, நானு, தம்பி ஒருத்தரும் குனிஞ்சதில்ல மேடம். ஆறடில பொறந்தா புள்ள காலமெல்லாம் மண்டைய இடிச்சினு இல்ல கெடக்கும்?"

ரத்தம் கிடைத்ததா?

முதல் தடவை கரு நிற்கவில்லை. மாலதி அழுதாள், ஞானவேல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்து அடுத்த தடவைக்குக் கூட்டி வந்தார். அது நின்றது. பையன் பிறந்தான்.

போன மாதம் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். கார் ஓட்டி வந்தவர் கதிர். ஞானவேல் தோளில் பையன், அவருடைய சட்டையெல்லாம் ஈரம். மாலதி தாம்பாளத்தில் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கதிர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். "அன்னிக்கு என்ன வேணாம்னு அனுப்பிட்டீங்களே மேடம், அண்ணனுக்கு ரத்தம் கெடச்சிதா இல்லியா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மாலதியின் கை தாம்பாளத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஞானவேல்தான் பையனை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"கெடச்சிதுடா. இதோ, என் சட்ட மேலயே மூத்திரம் வுட்டுனு கெடக்குது பாரு, புடி."

பேரில்லாத ஓர் ஆளைத் தேடிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஆளை மறக்கடிக்கிற வேலையைப் பிள்ளைகளே, சம்பளம் கேட்காமல், சட்டையை நனைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.