கட்டிங் மாஸ்டர் ஆதரித்த போர்

"எந்தப் போரையும் ஏற்காத தீவிர அமைதிவாதி, கூட்டத்தைத் தூண்டிவிடக்கூடியவர்" என்கிறது கட்டிங் மாஸ்டரைப் பற்றிய காவல் நிலையப் பதிவு. வீட்டில் அவர் மின்விசிறியைப் போடச் சொன்னால்கூட ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பதிவுக்குக் காரணம் பழைய போர். நம் நாட்டுப் படை கடல் தாண்டிப் போய் அடுத்தவர் மண்ணில் இறங்கியபோது, சீருடைத் துணியை வெட்ட மாட்டேன் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வேலை பார்க்கும் தையல் ஆலையில் அடுக்கிய துணியில் முதல் வெட்டு கட்டிங் மாஸ்டருடையது. அவர் வைக்காமல் வேறு யாரும் மெஷினைத் தொடுவதில்லை. வேலை நின்றது, ஆர்டர் கைமாறியது. அவர் சங்கத் தலைவரானார். அவர் பேச்சை நம்பி முதல் ஆளாக எழுந்து நின்ற மச்சினிக்கு, காலர் தைக்கும் வேலை போனது. மறுபடி உள்ளே வர அவள் படாத பாடு பட்டாள்.

இப்போது புதுப் போர். பெரிய நாடொன்று பக்கத்துச் சின்ன நாட்டுக்குள் புகுந்துவிட்டது. சின்ன நாட்டுப் படைக்குச் சீருடை வேண்டுமாம். துணி வந்து இறங்கியது. மாஸ்டர் சத்தமில்லாமல் சாக்கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

மச்சினிக்கு மூக்கில் வேர்த்தது.

"என்ன மாமா, முதலாளி ரூம்ல ஏசி நல்லா இருந்துச்சா?"

"நான் அந்தப் பக்கமே போகலம்மா."

"போகாமலே குளுந்துட்டீங்களா?"

அவர் நிமிரவில்லை. "அன்னிக்கு நம்மாளுங்க அடுத்தவன் வீட்டுல பூந்தாங்க. இன்னிக்கு வேற ஒருத்தன் பூந்திருக்கான். ரெண்டு தடவையும் நான் வீட்டுக்காரன் பக்கம்தான்."

"நடுவுல ஒரு சண்டை நடந்துச்சே. அங்கயும் வீடு இருந்துச்சு. அப்ப எங்க போயிருந்தீங்க?"

"அப்ப நம்மகிட்ட யாரும் துணி கொண்டு வரலியே."

உண்மைதான். அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. சமாளிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் உண்மையைச் சொன்னால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

"போருன்னாலே வேண்டாம்னுதானே மேடையில சொன்னீங்க? அதைக் கேட்டுத்தான் எழுந்தேன். இப்பச் சொல்லுங்க, என் வேலை போனது எதுக்கு?"

சாக்கட்டி நின்றது.

"அந்தப் போர் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். கைதட்டுனாங்க, கொஞ்சம் கூடவே சொல்லிட்டேன்."

"இதை என் காதுல மட்டும் போட்டா எப்படி?"

மதிய இடைவேளையில் அவர் எல்லோர் முன்னாலும் அதையே சொல்லி, தலைவர் பதவியை விட்டார். பிறகு உள்ளே போய்ச் சீருடைத் துணியில் முதல் வெட்டை வைத்தார்.