அக்கா முகத்தில் போட்ட சிவப்பு வட்டம்

போன வருஷம் ஐப்பசி மாதம், கம்பம் பக்கத்தில் சுருளிப்பட்டியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஆரம்பித்தது இது. கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, இங்கே டாக்டராகப் பதிவு செய்வதற்கான பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே படித்த காலத்தில் ஆட்சி கவிழ்ந்து தலைநகரத்தில் கலவரம் வந்தது. விடுதிக்குப் போக முடியாமல் தெருவில் மாட்டிக்கொண்ட எங்கள் சிலரை ஒரு ரொட்டிக்கடை அக்கா உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் உய்குர் இனத்தவர். சீனாவின் சின்ஜியாங்கில் பிறந்து, கல்யாணமாகி எல்லை தாண்டி வந்தவர். கடையை உடைக்க ஒரு கும்பல் வந்தது. எங்களை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, வாசலில் தனியாக நின்று அவர்களோடு சண்டை போட்டார். கும்பல் திட்டிக்கொண்டே போய்விட்டது.

அவர்கள் போன பிறகுதான் அக்கா தன் பயத்தைச் சொன்னார். அம்மாவும் தம்பியும் சீனாவில் இருந்தார்கள். உய்குர்களில் தனி நாடு கேட்பவர்கள் உண்டு. ஆப்கானிஸ்தான் பக்கம் போய்த் துப்பாக்கி தூக்கிய சிலரும் உண்டு. அதனால் பக்கத்து நாடு எது ஆட்டம் கண்டாலும், பிரிவினைக்காரர்களுக்கு இடம் கிடைத்துவிடும் என்று சீனாவில் கெடுபிடி கூடிவிடுமாம். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற வீட்டுக்குத்தான் முதலில் போலீஸ் வருமாம். "துப்பாக்கியைப் பார்த்தே இராத என் தம்பியைத்தான் பிடிப்பார்கள். என் முகத்தை எங்கேயும் போட்டுவிடாதே" என்றார். அவரோடு எடுத்த ஒரே படத்தை வீட்டுச் சுவரில் மட்டும் மாட்டியிருந்தேன்.

கம்பத்தில் யூடியூப் சேனல் நடத்துகிற ஒருவர், என் மாமாவுக்குப் பழக்கமானவர், கலவரத்தில் நான் தப்பித்த கதையைப் பேட்டி எடுக்க வந்தார். இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அக்கா பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கேமராக்காரர் சுவரில் இருந்த படத்தையும் எடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் வீடியோ வந்தது. 'தீவிரவாதிகளிடம் சிக்கிய கம்பத்துப் பெண்' என்று தலைப்பு. அக்கா முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்!

உடனே கிளம்பினேன். பஸ் பிடித்து, உரக்கடை மாடியில் இருந்த அந்தச் சேனல்காரர் ஆபீசுக்குப் போனேன். வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சீனாக்காரன் நம்ம சேனலையா பாக்கப் போறான், தங்கச்சி?"

"பாக்க மாட்டான்னு நீங்க உறுதி சொல்லுவீகளா? அங்கன ரெண்டு உசிரு இருக்கு."

"அந்தம்மா தீவிரவாதி இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உசிரோட இங்கன நிக்கிறேன்ல, அதான் தெரியும். எடுக்குற வரைக்கும் போக மாட்டேன்" என்று நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சத்தம் கேட்டுக் கீழே கூட்டம் கூடியது.

மாமா போனில் கெஞ்சினார். "ஆத்தா, நாளைக்கு உன்னையப் பொண்ணு பாக்க வாராக. இதப் பெருசாக்காதத்தா."

"அவுகளையும் இங்கனயே வரச் சொல்லுங்க மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா படியேறி வந்தார். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த சேலையோடு அப்படியே வந்திருந்தார். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சேனல்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மகளைக் காப்பாத்தி அனுப்புன மகராசி மூஞ்சில வட்டம் போட்டிருக்கீகளே தம்பி, நல்லாவா இருக்கு?"

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்கள் கண்முன்னே வீடியோவை அழித்தார். அதற்குள் வாட்ஸ்அப் குரூப்புகளில் பரவியிருந்தது. தெரிந்தவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்க வைத்தேன். சிலர் அழித்தார்கள், சிலர் திட்டினார்கள்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர், "அழாதே. பயந்து உட்கார்ந்தால் நாளைக்கு யார் அடுப்பைப் பற்ற வைப்பது?" என்றார். அவர் அம்மாவிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் இன்றுவரை தகவல் இல்லை. அதற்கு முன்பே பல மாதங்களாக இல்லைதான். அந்த வீடியோ ஏதாவது செய்ததா என்று எனக்குத் தெரியவே போவதில்லை.

பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இப்போதும் பஸ்ஸிலோ டீக்கடையிலோ யாராவது, "அந்த ஆளுகளே அப்படித்தான்" என்று ஒரு சனத்தையே ஒரு வார்த்தையில் முடித்துக் கட்டினால், எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை; சும்மா இருக்கப் போவதும் இல்லை.