எட்டாவது ‘கூ’

நம்பினால் நம்புங்கள். கட்டுப் போட்ட கையோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டப்பகலில், காலை 11.10க்கு நடந்தது.

நான் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். எட்டு வாண்டுகள், எல்லாருக்கும் மூன்று, நான்கு வயது. கண்ணாமூச்சிக்கு என்னிடம் தனிச் சட்டமே உண்டு. கதவுள்ள இடத்தில் ஒளியக் கூடாது. தேடுவது நான் மட்டும். நான் ‘கூ’ என்றால் ஒளிந்திருக்கும் எல்லாரும் ‘கூ’ சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் தேடவே ஆரம்பிப்பேன். தச்சரை வரவழைத்து, பழைய மர அலமாரியின் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டேன். “ஜெயில் வார்டன் தோத்தாங்க போ!” என்று தங்கை கிண்டல் செய்வாள். அவள் மகள் சுண்டுவும் அந்த எட்டில் ஒருத்தி.

அன்றும் 11.10க்கு ‘கூ’ என்றேன். எட்டுக் குரல் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

“சபாஷ்டா கண்ணுங்களா!”

திரைக்குப் பின்னால் இரண்டு பேர். மேசைக்கு அடியில் மூன்று. பாய்ச் சுருளுக்குப் பின்னால் இரண்டு. சுண்டுவை மட்டும் காணோம்.

மணி 11.16. மறுபடி ‘கூ’ என்றேன்.

“கூ...”

மர அலமாரிக்குள்ளிருந்து வந்தது. எனக்கு வந்ததே கோபம்!

“ஏய் சுண்டு, அங்க போகாதன்னு எத்தன தடவ சொல்றது? வெளிய வா!”

“கூ...”

கதவை இழுத்தேன். வரவில்லை. தாழ்ப்பாளே இல்லாத கதவு... உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலமா?

டக்... டக்... டக்...

பலகையில் தலை மோதும் சத்தம். கதவிடுக்கில் விரலை நுழைத்தேன்.

கடித்தது.

நறுக்கென்று... எலும்பு வரை.

அலறினேன். மறு கையால் இரும்பு முக்காலியைத் தூக்கினேன். கீலில் அடித்தேன். அடித்தேன். அடித்தேன்.

கதவு பெயர்ந்தது.

சுண்டு வந்து விழுந்தாள். நெற்றி பிளந்திருந்தது. முகமெல்லாம் ரத்தம். மூச்சு மட்டும் இருந்தது.

அலமாரிக்குள் வேறு யாரும் இல்லை. மணி 11.19.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆறு தையல். கண் விழித்ததும் தங்கை கேட்டாள்.

“பெரியம்மா கைய ஏன்டி கடிச்ச?”

“நான் கடிக்கல. ‘கூ’வும் சொல்லல. அந்தப் பாப்பா என் வாயப் பொத்திருச்சு.”

அடிபட்ட பிள்ளை ஏதோ உளறுகிறது என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் என் விரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்த டாக்டர் இடுக்கியைத் தூக்கிக் காட்டினார்.

“உள்ள ஒரு பல்லு மாட்டியிருக்கு. பால் பல்லு.”

சுண்டுவின் வாயைத் திறந்து எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். இருபது பல்லும் இருந்தன.

அப்படியானால் என் சட்டப்படி ஒழுங்காகப் பதில் சொன்னது அதுதான். எட்டு என்று எண்ணி, பெருமைப்பட்டு, ஆறு நிமிடம் என் பிள்ளையை அதனிடம் விட்டுவைத்திருக்கிறேன்.